சேர்ந்து வாசிக்கும் வகுப்பில், வாசிக்கத் தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறான்?

பழைய சிலேட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் பழைய சக ஆசிரியை ஒருவர் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். மூன்றாம் வகுப்பு. முப்பது, நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஒரு பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிறார்கள். கீழே பாராட்டு மழை. நான் அதை நான்கு முறை பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் உதடு மற்றவர்களுக்கு ஒரு சொல் பின்னால் அசைந்துகொண்டிருந்தது. அவள் கண் புத்தகத்தில் இல்லை, பக்கத்தில் இருப்பவளின் வாயில் இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1988இல் சங்கராபுரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். 2023இல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று பள்ளிகள், மூன்றும் பஸ்ஸில் அரை மணிக்குள். நான் இடம் மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது. சேர்ந்தபோது தென்னாற்காடு, 1993க்குப் பிறகு விழுப்புரம், 2019க்குப் பிறகு கள்ளக்குறிச்சி.

1996, ஐப்பசி மழை. நான்காம் வகுப்பில் 31 பேர்; அன்று வந்தவர்கள் ஆறு பேர். ஓடு ஒழுகாத மூலையில் ஆறு பேரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்து, முந்தின நாள் நடத்திய பாடத்தை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னேன். அவர்களில் ஒரு பையனின் முறை வந்தது. தடங்கல் இல்லாமல் வாசித்தான். விரல் வரிமேல் நகர்ந்தது. வாக்கியம் முடியும் இடத்தில் குரல் அழகாக இறங்கியது. ஓட்டிலிருந்து ஒரு சொட்டு பக்கத்தில் விழுந்தது. நனைந்துவிடுமே என்று புத்தகத்தை என் பக்கம் இழுத்துத் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவன் திறந்து வைத்திருந்தது அந்தப் பாடமே இல்லை. அதற்கு அடுத்த பாடம்.

சிலேட்டில் ‘மரம்’ என்று எழுதினேன். சொன்னான். ‘மாடு’ என்று எழுதினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான். ‘பூனை’ என்று எழுதினேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு உறுதியாகத் தெரிந்தவை பதினோரு எழுத்துகள். நான்கு ஆண்டுகளில் பதினோரு எழுத்துகள். அதில் இரண்டு ஆண்டுகள் அவன் என் வகுப்பில்தான் இருந்தான், ஏனென்றால் மூன்றும் நான்கும் சேர்ந்த வகுப்பு அது. தமிழில் அவனுக்கு நான் கொடுத்திருந்த மதிப்பெண் 52. கேள்வி பதிலைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான், எழுதுவதைப் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து ஓவியம்போல வரைந்திருக்கிறான். வீட்டில் அக்கா சத்தம் போட்டுப் படிப்பாள், வகுப்பில் முப்பது பேர் சேர்ந்து படிப்பார்கள். அவன் காது அவ்வளவு கூர்மை. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவன் என்னவெல்லாம் படித்திருக்கலாம்!

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, வகுப்பை ஒன்றாகச் சேர்ந்து வாசிக்க விட்டுவிட்டு ‘எல்லோருக்கும் வந்துவிட்டது’ என்று நான் பதிவேட்டில் எழுதியது கிடையாது. ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்பதை அறிய ஒரே வழி, அவனைத் தனியாக, பக்கத்தில் உட்காரவைத்து, அவன் இதுவரை பார்க்காத ஐந்து வரியைக் கொடுத்துக் கேட்பது. பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் எப்படி என்று சொல்லுங்கள்.

---

ஈராசிரியர் எழுதியது:

டீச்சர், வணக்கம். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகள், 41 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே பேர். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப்படி, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து உட்காரவைத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்வது சரி என்று மனம் சொல்கிறது. நேரம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. காலையில் வந்ததும் செயலியில் வருகைப்பதிவு. சிக்னல் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். காலை உணவு, மதிய உணவு எண்ணிக்கை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் கையில். அந்த நாட்களில் சேர்ந்து வாசிக்கச் சொல்வதுதான் பள்ளியை அமைதியாக வைத்திருக்க ஒரே வழி என்று ஆகிவிட்டது. எப்படிச் செய்தீர்கள் என்று நாள்கணக்கு, நிமிடக்கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும். ‘அன்போடு அணுகுங்கள்’ என்ற அறிவுரையைப் பயிற்சிகளில் நிறையக் கேட்டுவிட்டேன்.

---

நேர்கோடு எழுதியது:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நான் ஆசிரியர் இல்லை, அரசுப் பள்ளியில் படித்து வளர்ந்தவன். ஆத்திசூடியும் பதினாறாம் வாய்ப்பாடும் இன்றுவரை என் நாக்கில் நிற்பதற்குக் காரணம் சேர்ந்து சொன்னதுதான். திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து நம் படிப்பு அப்படித்தான் நடந்திருக்கிறது. கூச்சப்படும் பிள்ளைக்குக் கூட்டத்தின் குரல் ஒரு கைப்பிடி. அதை ஏன் பறிக்க வேண்டும்?

உண்மையான நோய் வேறு இடத்தில் இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் திருத்தம் கொண்டுவந்து மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். தமிழ்நாடு பழையபடியே தேர்ச்சி கொடுத்து வருகிறது. எழுத்து தெரியாதவனையும் மேலே ஏற்றிவிட்டால் யார் கவனிப்பார்கள்? ஓராண்டு நிறுத்திவைத்தால் பெற்றோரும் விழித்துக்கொள்வார்கள், ஆசிரியரும் விழித்துக்கொள்வார்.

---

கணக்கு வாத்தியார் எழுதியது:

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர், கணக்கு. எங்கள் ஆறாம் வகுப்புக்குச் சுற்றியுள்ள ஏழெட்டுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். டீச்சர் சொன்ன பையனை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பல ஆண்டுகள் அவனுக்கு நான் வைத்திருந்த பெயர் ‘கணக்கு வராதவன்’.

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி. 8,000 ரூபாயை ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தால் வட்டி எவ்வளவு? தாளில் வெறுமையாக விட்டிருந்தான். மதிய இடைவேளையில் கூப்பிட்டு, என்ன புரியவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. கணக்கை நான் வாய்விட்டு வாசித்தேன். முடிப்பதற்குள், முதல் ஆண்டு 800, இரண்டாம் ஆண்டு 880, ஆக 1,680 என்று சொல்லிவிட்டான். அவன் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பவர். வட்டி குட்டி போடும் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ‘ஆண்டுக்கு ஒருமுறை வட்டி அசலுடன் சேர்க்கப்படும் எனில்’ என்ற ஒரு வரியைத்தான் அவனால் தாண்ட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு நாம் ஒரு குறுக்கு வழி கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறோம்: ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி. ‘கண்ணன் 5 கோலிகளைத் தம்பிக்குக் கொடுத்தான், அவனிடம் மீதி 8 இருக்கின்றன, முதலில் எத்தனை வைத்திருந்தான்?’ என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் ‘மீதி’யைப் பார்த்ததும் 3 என்று எழுதுவார்கள். அவர்கள் கணக்கைப் படிக்கவில்லை, ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு வரும்போது இவர்களுக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல். 35 மதிப்பெண் வாங்கிவிட எதெதை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று ஒரு கையேடு. மாலை வகுப்பு. நானும்தான் நடத்துகிறேன். வேறு வழி தெரியாமல் நடத்துகிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பதினைந்து பேரில் உண்மையில் மெல்லக் கற்பவர்கள் இரண்டு பேர்கூட இல்லை. மற்றவர்களெல்லாம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கப்படாதவர்கள்.

---

பழைய சிலேட்டு எழுதியது:

கணக்கு சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் மாணவர்கள் எத்தனை பேர் இப்படி உங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்கோடு அவர்களுக்கு: ஆத்திசூடியைச் சேர்ந்துதான் சொல்ல வேண்டும், வாய்ப்பாட்டையும் அப்படியே. பாட்டு கூட்டத்தில்தான் பிடிபடும். கடைசி நாள்வரை நானும் அப்படித்தான் சொல்லவைத்தேன். அதைக் கேட்டுவிட்டு ‘வாசிக்கிறான்’ என்று முடிவு கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். நிறுத்திவைப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். நான் சொன்ன பையன் நான்காம் வகுப்பில் இருந்தது 1996இல். சட்டம் வந்தது 2010இல். பரீட்சை வைத்தோம், தேர்ச்சிப் பட்டியல் போட்டோம், அப்படியும் அவன் 52 வாங்கினான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணை ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைத்தோம். ஜூன் மாதம் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மாடு மேய்க்கப் போயிருந்தாள். அவள் அம்மா என்னிடம், “நீங்கள்தானே படிப்பு வராது என்று சொல்லிவிட்டீர்கள்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நிறுத்திவைத்தால் யாரும் விழித்துக்கொள்வதில்லை ஐயா, பிள்ளைதான் போய்விடுகிறது.

இப்போது ஈராசிரியர் தம்பிக்கு. நிமிடக்கணக்கு கேட்டீர்கள், அதையே சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம். பத்து நிமிடத்துக்குமேல் ஒருநாளும் எடுத்ததில்லை. மற்றவர்கள் கையெழுத்து நோட்டு எழுதும் நேரம் அது. முப்பது பிள்ளைகள் என்றால் ஆறு பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி போட்டு, எந்த எழுத்தில் நின்றான் என்பதை மட்டும் எழுதுவேன். ‘நன்று’, ‘முயற்சி தேவை’ போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை. அவற்றால் அடுத்த நாள் பாடம் நடத்த முடியாது.

வாசிக்கக் கொடுப்பது பாடநூலாக இருக்கக் கூடாது. அது அவன் காதில் ஏற்கனவே ஏறியிருக்கும். நானே ஐந்து வரி எழுதுவேன். ‘நேற்று ஏரியில் தண்ணீர் வந்தது. கோபுவின் ஆடு காணாமல் போனது.’ மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாள், பஸ் பலகையில் பார்த்து எழுதிவைத்த ஊர்ப்பெயர்கள், எதுவானாலும் சரி, அவனுக்குப் புதிதாக இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் எழுதிய பிறகு நோட்டைப் புரட்டினால், பிள்ளைகள் நிற்கும் இடங்கள் எண்ணி மூன்று நான்குதான் என்று தெரிந்தது. 247 எழுத்து என்று நாம் மலைக்கிறோம். அவனுக்குத் தடை எல்லாவற்றிலும் இல்லை. முதலாவது புள்ளி. ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என்று வாசிப்பான். புள்ளி அவன் கண்ணுக்கு அழுக்குபோலத்தான். இரண்டாவது கொம்பு. ‘கொடி’யைப் பாருங்கள். வாயில் முதலில் வருவது க், கண்ணில் முதலில் படுவது கொம்பு. பிறகு க, அதற்குப் பிறகு கால். இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசிக்கிற பிள்ளைதான் இதில் அதிகம் தடுமாறும். ஒழுங்காகக் கற்றதற்கு அவனுக்குக் கிடைக்கும் தண்டனை அது. அதனால் கொம்பையும் காலையும் இரண்டு கையாகக் காட்டி, நடுவில் இருப்பவனைக் கட்டிப்பிடித்திருக்கின்றன என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது உகரம். கு, சு, து மூன்றிலும் ஒலி ஒன்று, வடிவம் மூன்று விதம். இங்கே விதி சொல்லிப் பயனில்லை. ஒவ்வொன்றையும் பழகத்தான் வேண்டும். பழக நாள் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் பார்த்தேன். ஒரு சிறுமி ‘மலை’யில் வரும் லை-யை மட்டும் தெரியாது என்பாள். விசாரித்தால், வீட்டில் தாத்தா எழுதிக் காட்டுவது தும்பிக்கை வைத்த பழைய லை. 1978 எழுத்துச் சீர்திருத்தம் அந்த வீட்டுக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை. பழைய எழுத்தில் படித்து வளர்ந்தவள்தானே நானும்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் ஒரே நாளில் தீர்ந்தது. தனியாகக் கேட்டிருக்காவிட்டால் ஆண்டு முழுக்க அவளைக் கவனமில்லாதவள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எல்லாப் பிழையும் பிழை இல்லை என்பதையும் அந்த நோட்டுதான் கற்றுக்கொடுத்தது. ‘வீட்டிற்குச் சென்றான்’ என்று நான் எழுதியிருப்பேன். ‘வீட்டுக்குப் போனான்’ என்று ஒரு பிள்ளை வாசிக்கும். முன்பெல்லாம் திருத்துவேன். பிறகு புரிந்தது: எழுத்தைக் கூட்டி, பொருளைப் பிடித்து, தன் சொல்லில் திருப்பிச் சொல்கிற பிள்ளை அது. அதைவிட என்ன வேண்டும்? சரி என்று போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

நான் ஆசிரியை இல்லை. என் பிள்ளைகள் படிப்பது ஆங்கில வழித் தனியார் பள்ளியில். இதைப் படித்ததும் நான்காம் வகுப்புப் படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய அறிவியல் புத்தகத்தில் நடத்தாத பக்கம் ஒன்றைக் கொடுத்தேன். மளமளவென்று வாசித்தாள். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். புத்தகத்தையே மறுபடி வாசித்தாள். தமிழில் சொல்லு என்றேன். அழுதுவிட்டாள்.

கட்டணம் கட்டும் ஒவ்வொரு முறையும் இதற்குத்தான் கட்டுகிறோம் என்று நினைத்திருந்தேன். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், ஆனால் கதை புரிகிறது, சிரிக்கிறாள். ஒன்றில் குரல் இருக்கிறது, மற்றதில் பொருள் இருக்கிறது. டீச்சர், நான் எங்கிருந்து தொடங்குவது?

---

பழைய சிலேட்டு எழுதியது:

அம்மா, அவள் சிரிக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்க் கதைப் புத்தகம் வாங்குங்கள், இரவு இருவரும் மாற்றி மாற்றி ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள் என்று வாசியுங்கள். எழுத்துக்கூட்டுவது சில மாதங்களில் சரளமாகிவிடும். வாசிப்பது என்றால் பொருள் தெரிவது என்று ஒரு மொழியில் தெரிந்துகொண்ட பிள்ளை, இன்னொரு மொழியில் பொருள் தெரியாதபோது நின்று கேட்கும். இப்போது அவள் நிற்காததற்குக் காரணம், நிற்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது. அழுததற்காகத் திட்டிவிடாதீர்கள்.

---

கடைசி பெஞ்சு எழுதியது:

டீச்சர், ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன் ஏன் உங்களிடம் சொல்லவில்லை?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நானும் அவனைப் போன்றவன்தான். அப்பா, அம்மா கரும்பு வெட்டப் போவார்கள். தை மாதம் கிளம்பினால் பள்ளி ஆண்டு முடியும்போதுதான் திரும்புவோம். ஆலை மாறும், ஊர் மாறும், நானும் கூடவே போவேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் அடுத்த வகுப்பில் உட்காருவேன், பாதி எழுத்து மறந்திருக்கும். எங்கள் ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் வாசிக்கும்போது தடுமாறினால் புறங்கையில் ஸ்கேலால் அடிப்பார். ஒருநாள் என் முன்னால் இருந்தவனுக்கு விழுந்த அடியைப் பார்த்தேன். அன்று முடிவு செய்தேன், என் முறை வரவே கூடாது என்று. முறை வரும் நேரத்தில் வெளியே போக அனுமதி கேட்பேன். சாக்பீஸ் எடுத்துவர நானே ஓடுவேன். தண்ணீர்ப் பானை நிரப்புவது எப்போதும் நான்தான். ‘பொறுப்பான பையன்’ என்று பெயர் எடுத்தேன்.

பத்தொன்பது வயதில், மளிகைக் கடையில் வேலைக்கு நின்றபோது, சரக்கு மூட்டைகளில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசிக்கக் கற்றேன். இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பதிவை எழுத முக்கால் மணி நேரம் ஆனது.

---

பழைய சிலேட்டு எழுதியது:

தம்பி, முக்கால் மணி நேரம் எடுத்து எழுதிய உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டியது இது. எழுத மனம் வரவில்லை.

என் மேசையிலும் பிரம்பு இருந்தது. அந்தப் பையன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன் ‘வெள்ளம்’ என்பதை ‘வெல்லம்’ என்று வாசித்துவிட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, நூறு முறை சொல்லியாயிற்று என்று கையை நீட்டச் சொல்லி இரண்டு அடி கொடுத்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது. மழை நாளில் சிலேட்டை வைத்துக்கொண்டு, “ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?” என்று அவனிடம் கேட்டபோது, அவன்தான் அதை நினைவுபடுத்தினான். அடி வாங்கியது அவன் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவன். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இப்போது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளையை உடலாலும் மனத்தாலும் வதைக்கக் கூடாது என்று சொல்கிறது. அன்று எனக்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பையன் சொன்னான். பிரம்பை அடுப்பில் வைத்தேன். சிரிப்பைத்தான் நிறுத்த முடியவில்லை. வகுப்பு சிரிப்பதை நிறுத்த எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பிரம்பைவிட அதுதான் வலிக்கிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். தனியாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்: மேசைக்குப் பக்கத்தில் மெதுவாக வாசித்தால் மற்றவர்களுக்குக் கேட்காது.

அவன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது மெதுவாக, ஆனால் எதைக் கொடுத்தாலும் வாசித்தான். பதினெட்டு மாதம் ஆனது. அடி வாங்கிய மற்றவன் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை.

உங்களை வாசிக்கவைக்காத அந்த வகுப்பறையின் சார்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. என் வகுப்பறைக்காகக் கேட்கிறேன்.

---

மலையகத்தான் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு இலங்கையிலிருந்து வணக்கம். தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியராக இருக்கிறேன். எங்களிடம் தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை உண்டு. சித்தியடையக்கூடிய பிள்ளைகள் எட்டுப் பேரைத் தேர்ந்து மாலை வகுப்பு வைக்கிறோம். பாடசாலைக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்று பெற்றோரும் அதிபரும் எதிர்பார்க்கிறார்கள். மிகுதிப் பிள்ளைகள் பின்வரிசையில் பிரதி செய்துகொண்டிருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லோரும் எழுதுகிறார்கள்.

நேற்று அந்தப் பின்வரிசையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாயின் பெயருக்கு நேரே எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிகிறது அவளுக்கு. கூட்டிப் பார்க்கவும் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் மூன்று சொற்களுக்கு மேல் தாண்டவில்லை. நாளை அவளுக்குக் கொழுந்துக் கணக்கிலேயே ஐந்து வரி எழுதிக்கொண்டு போகிறேன்.

---

நேர்கோடு எழுதியது:

கடைசி பெஞ்சு ஐயாவின் பதிவுக்குப் பிறகு நிறுத்திவைப்பதைப் பற்றி நான் சொன்னதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரை நிறுத்திவைத்திருந்தால் அடுத்த தை மாதமும் கரும்புத் தோட்டத்துக்குத்தான் போயிருப்பார். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. தனித்தனியாகக் கற்கத்தானே ‘செயல்வழிக் கற்றல்’ கொண்டுவந்தார்கள்? பாட அட்டைகள், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் ஏணிப் படம் எல்லாம் இருந்தனவே. அது ஏன் இந்தப் பிள்ளைகளைப் பிடிக்கவில்லை?

---

பழைய சிலேட்டு எழுதியது:

நல்ல கேள்வி. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. அதை நான் விரும்பினேன் என்று சொன்னால் என் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். மேசை நாற்காலி போய், நானும் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். பிள்ளை உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை வந்தது. முகத்துக்கு நேரே முகம். பிள்ளைக்கு ஏணியில் தன் படி எது என்று தெரியும், தானே அட்டையை எடுத்துவரும். சேர்ந்து கத்துவது ஒரே மாதத்தில் நின்றது.

ஆனால் அட்டைதான் பாடம் நடத்தும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அட்டை தொலைந்தது, கிழிந்தது, அடுத்த செட் வர மாதங்கள் ஆயின. பார்வைக்கு வருபவர்கள் அடைவு அட்டவணையில் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. வேகமான பிள்ளை ஏணியில் ஏறிப் போனது. தடுமாறும் பிள்ளை ஒரே படியில் மூன்று மாதம் நின்றது. அது நிற்கிறது என்பது அட்டவணையில் தெரியும், ஏன் நிற்கிறது என்பது தெரியாது. அதற்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. எந்தத் திட்டம் வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தை அது தானாகக் கொண்டுவந்து தராது. நாம்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

2021 நவம்பர் 1ஆம் தேதி, பத்தொன்பது மாதத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகளைத் திறந்தோம். இரண்டாம் வகுப்பு என்று வந்து நின்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள். அன்று எந்தப் பாடநூலும் உதவவில்லை. அலமாரியில் இருந்த பழைய நோட்டை எடுத்துத் தேதி போட்டேன்.

---

ஈராசிரியர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

டீச்சர், ஒரு சுற்று முடித்துவிட்டேன். என்னிடம் இருக்கும் 24 பேருக்கு ஐந்து நாள் போதும் என்று கணக்குப் போட்டேன். பதினோரு நாள் ஆனது. இரண்டு நாள் கூட்டம், ஒருநாள் தடுப்பூசி, மூன்று நாள் நானே சோம்பிவிட்டேன். காலையில் நேரம் கிடைக்கவில்லை. மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவி வரும் நேரத்தில், வரிசையில் முதலில் வருபவர்களைப் பிடித்துக்கொள்கிறேன். இப்போது அவர்களே முந்திக்கொண்டு வருகிறார்கள்.

மலர் நிலையில் நான் வைத்திருந்த இரண்டு பேருக்குக் கொம்பு தெரியவில்லை. செயலியில் விடையைத் தொட்டுக் காட்டும்போது சரியாகத்தான் காட்டியிருந்தார்கள். புள்ளியை விடுகிறவர்கள் ஐந்து பேர். ண, ன விஷயத்தில் மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணிப் பார்த்து வாசிக்கும் ஒரு பையன். விரலால் சுழியை எண்ணுகிறான்.

என்னை உலுக்கியது வேறொரு பெண். மூன்றாம் வகுப்பு, அரும்பு நிலையில் உட்காரவைத்திருந்தேன். கரும்பலகையில் எழுதியதை ஒருநாளும் சரியாக எழுதியதில்லை, கேட்டால் பேசமாட்டாள். மேசைக்குப் பக்கத்தில் நான் எழுதிய ஐந்து வரியைக் கொடுத்தேன். தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து வரியும் வாசித்தாள். அடுத்த தாளும் வாசித்தாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன், அதையும் வாசித்தாள். அவளுக்குப் பலகை தெரியவில்லை டீச்சர். ஒன்றரை ஆண்டாக அவளுக்கு ட, ப, ம நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

---

பழைய சிலேட்டு எழுதியது:

தம்பி, நாளைக் காலையே அவளை முதல் வரிசையில், பலகைக்கு நேராக உட்காரவையுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எப்போது வருகிறது என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நாளாகும் என்றால் பெற்றோரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போங்கள். கண்ணாடி வந்ததும் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். முதல் நாள் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். மூன்றாம் வகுப்பில் நீங்கள் வாசிக்கும் கதையை அன்று அவளை வாசிக்கச் சொல்லுங்கள்.

சுழி எண்ணுகிற பையனைத் தடுக்காதீர்கள். எண்ணட்டும். தானே விட்டுவிடுவான்.

பதினோரு நாள் ஆனது பற்றிக் கவலை வேண்டாம். என் முதல் சுற்றுக்கு ஒரு மாதம் ஆனது. இரண்டாவது சுற்றுக்கு நோட்டில் தேதி போட்டாயிற்றா?

---

ஈராசிரியர் எழுதியது:

போட்டுவிட்டேன் டீச்சர். திங்கட்கிழமை.